கன்னி மூலையில் ஒரு குழி

4 மே 2025, ஞாயிறு

தளம் காய்ந்துவிட்டது, இனி நடக்கலாம் என்று மேஸ்திரி ராஜாமணி சொல்லிவிட்டுப் போனார். கேட்டோரப் பூச்செடிப் பாத்தியும் பின்னால் முருங்கை அடியும் தவிர, வீட்டைச் சுற்றி ஒரு கைப்பிடி மண் கூடத் தெரியவில்லை. பஸ் ஸ்டாண்டு மாதிரி இருக்கிறது. போன வருஷப் புயலில் ஹாலுக்குள் வந்த தண்ணீரை முறத்தால் வாரி வெளியே தள்ளும்போதே என் வீட்டுக்காரர் முடிவு பண்ணிவிட்டார் — கோடையில் கிராவல் அடித்து மேடாக்கி, மேலே சிமென்ட் போட்டுவிடுவது என்று. மார்ச்சில் நெஞ்சில் ஸ்டென்ட் வைத்துக்கொண்டு வந்த மனுஷன். அது கூடாது இது கூடாது என்று எல்லாவற்றுக்கும் தடை போட்டிருக்கிறோம், இதிலாவது அவர் ஆசைப்படி நடக்கட்டும் என்று விட்டேன்.

வாட்டம் எந்தப் பக்கம் கொடுப்பது என்று ராஜாமணிதான் கேட்டார். "ரோடு உங்க வாசலவிட ஒசந்துபோச்சுங்க. முன்னாடி குடுத்தா தண்ணி கேட்டாண்டயே நிக்கும். பின்னாடி குடுத்துடறேன்." இவர் சரி என்றார். நானும் காபி டம்ளரை நீட்டிக்கொண்டே சரி என்றேன்.

சாயங்காலம் பக்கத்து வீட்டு அம்சா தோசை மாவு கொடுத்தாள். இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருக்கிற சுவர் வழியாகத்தான் எங்கள் கொடுக்கல் வாங்கல் எல்லாம். நெஞ்சு உயரம் இருந்த சுவர் இப்போது என் பக்கம் முட்டிக்குக் கொஞ்சம் மேலே நிற்கிறது. அவள் பக்கம் அதே பழைய உயரம். கையைத் தூக்கிக் கிண்ணத்தைக் கொடுத்துவிட்டு, "இன்னாக்கா, மாடில குடி போய்ட்டியா?" என்றாள். இரண்டு பேரும் சிரித்தோம்.

13 ஜூன், வெள்ளி

நேற்று சாயங்காலம் நல்ல மழை. எங்கள் வீட்டில் ஒரு சொட்டு நிற்கவில்லை. இவர் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு தளத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார். முகத்தில் அப்படி ஒரு திருப்தி. தண்ணீர் எங்கே போயிற்று என்று இரண்டு பேருமே கேட்டுக்கொள்ளவில்லை.

இன்று காலை ஆபீஸுக்குப் பஸ் பிடிக்கக் கிளம்பும்போது பார்த்தேன், அம்சா சாக்குகளைச் சுவர் மேல் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். அவள் சமையலறைதான் எங்கள் பின் மூலையை ஒட்டி இருக்கிறது. கிரைண்டரை அங்கேதான் போட்டிருக்கிறாள். இந்தத் தெரு, அடுத்த தெரு, கோயில் தெரு எல்லாவற்றுக்கும் மாவு அங்கிருந்துதான் போகிறது.

"தண்ணி வந்துச்சா?"

"அதெல்லாம் ஒன்னுமில்லக்கா. சும்மா கால் நனைஞ்சுது."

சரி என்று வந்துவிட்டேன். பஸ் மயிலம் தாண்டும்வரை அந்தச் சாக்கு கண்ணிலேயே நின்றது. கால் நனைகிற தண்ணீரில் சாக்கு எப்படி நனையும்?

10 ஆகஸ்ட், ஞாயிறு

மனசு சரியில்லை. நேற்று இடி மழை. அம்சா சமையலறைக்குள் கணுக்கால் அளவு நின்றிருக்கிறது. கிரைண்டர் மோட்டார் போய்விட்டது.

டீக்கடையில் அவள் வீட்டுக்காரர் விருத்தாசலம் இவரைப் பார்த்துச் சொன்னாராம்: "மேட்டுல இருக்கறவங்களுக்கு என்னிக்கு சார் தண்ணி வந்துது?" இவர் வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றக் கூட இல்லை, நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "சார்ங்கறான், தமிழு. இத்தினி வருஷமா அண்ணே அண்ணேன்னு கூப்ட்டவன் சார்ங்கறான்."

விருத்தாசலம் தளத்தை மட்டும் சொல்லவில்லை. எந்த மேடு, யாருடைய பள்ளம் என்பதெல்லாம் அதற்குள் இருக்கிறது. இந்தத் தெருவில் நாங்கள் அதைப் பேசாமலே நன்றாக இருந்தோம். இவருக்கு ஆபரேஷன் நடந்தபோது ஆஸ்பத்திரி வராந்தாவில் என்னோடு உட்கார்ந்திருந்தது என் கூடப்பிறந்தவர்கள் இல்லை, அம்சா. ரசம் சாதத்தைத் தூக்குவாளியில் போட்டுக்கொண்டு ஷேர் ஆட்டோவில் வருவாள். நான் சாப்பிடமாட்டேன் என்றால் பக்கத்துப் பெட் அம்மாளிடம் என்னைப் பற்றிப் புகார் சொல்வாள்.

அவள் இன்னும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்லலாம்.

19 ஆகஸ்ட், செவ்வாய்

விழுப்புரம் ஆபீஸில் என் எதிர் மேஜை இசைவாணியிடம் புலம்பினேன். அவள் போனில் தன் தங்கை வீட்டுப் படத்தைக் காட்டினாள். வீட்டுக்குப் பின்னால் முட்டியளவு பள்ளம், உள்ளே பச்சைப்பசேல் என்று செடி. மழைத்தோட்டம் என்றாள்.

"ஒன்னும் பெரிய வேலை இல்ல மேடம். தண்ணி தானா எங்க ஓடுதோ அங்க ஒரு பள்ளம் எடுக்கறது. அடியில ஒடைஞ்ச செங்கல், மேல மணலும் எருவும். தண்ணிக்கும் தாங்கணும், வெயிலுக்கும் தாங்கணும், அந்த மாதிரி செடியா வெச்சிடுங்க. மழை பேஞ்சா நெறையும், மறுநாளுக்குள்ள பூமில எறங்கிடும். கொசுக்கு டைமே இருக்காது."

எங்கள் வீட்டில் மழைநீர் சேகரிப்பு இருக்கிறதே என்று சொல்ல வாயெடுத்து அடக்கிக்கொண்டேன். பிளான் அப்ரூவலுக்காகப் போட்ட குழாய் அது. மொட்டைமாடியிலிருந்து இறங்கித் தரையில் ஒரு சாண் செருகி நிற்கிறது. அடியில் குழியும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. இந்தத் தெருவில் எல்லா வீட்டிலும் அப்படித்தான். போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள், அதோடு சரி.

24 ஆகஸ்ட், ஞாயிறு

பின் மூலையில் முருங்கை மரத்துக்காக ராஜாமணி ஒரு சின்னச் சதுரத்தைச் சிமென்ட் போடாமல் விட்டிருந்தார். மரம் ஜூன் காற்றில் முறிந்து போய்விட்டது, இடம் மட்டும் இருக்கிறது. அதில் குழி எடுத்துக் காலையில் தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன். மத்தியானச் சமையல் முடித்து வந்து பார்த்தால் துளி இல்லை. மண் நன்றாகக் குடிக்கிறது. தளத்தின் வாட்டமும் நேராக அங்கேதான் வருகிறது. அதற்கு அந்தப் பக்கம் அம்சா சமையலறை. சிமென்டைக் கொஞ்சம் பெரிதாக உடைத்துவிட்டு அங்கேயே பள்ளம் எடுத்தால் முடிந்தது. இத்தனை சுலபமா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது.

சந்தேகப்பட்டது சரிதான். சாயங்காலம் நாத்தனார் கெங்கம்மாள் கெடாரிலிருந்து மல்லாட்டைக் கடலை மூட்டையோடு வந்திறங்கினார். குழியைப் பார்த்தார். சூரியனைப் பார்த்தார். திசை பார்த்துவிட்டு மூட்டையைக் கீழே போட்டார்.

"தமிழு, இது கன்னி மூலைடி. தென்மேக்கு. இங்க எவளாவது குழி வெட்டுவாளா? வீட்டு ஆம்பளைக்கு ஆவாது. பொணத்துக்கு வெட்டற மாதிரி வெட்டி வெச்சிருக்கற."

இவர் கையை நெஞ்சின் மேல் வைத்துக்கொண்டார். தெரிந்து வைத்தாரோ தெரியாமல் வைத்தாரோ.

குழியை மூடிவிட்டேன்.

31 ஆகஸ்ட், ஞாயிறு

நான் வாஸ்து பார்க்கிறவள் இல்லை. ஆபீஸில் யாராவது வாஸ்து பேசினால் முதலில் சிரிக்கிறவள் நான்தான். ஆனால் ஆஸ்பத்திரியில் அந்தக் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்ற நாள் ஞாபகம் வந்தால் எனக்கு எல்லாவற்றிலும் நம்பிக்கை வந்துவிடுகிறது.

இவர் என்னைத் தடுக்கவில்லை, அதையும் எழுதி வைக்கிறேன். "உனக்கு சரின்னா பண்ணு" என்றுதான் சொன்னார். எனக்குத்தான் சரி என்று வரவில்லை.

முன்பக்கம், கேட்டுக்குப் பக்கத்தில் சிமென்ட் போடாமல் விட்ட பூச்செடிப் பாத்தியில், ஈசானிய மூலையில் தோண்டலாம் என்று முடிவு. தண்ணீர் இருக்க வேண்டிய மூலை என்று எல்லா வாஸ்துக்காரனும் சொல்கிற இடம். தண்ணீர்தான் அங்கே போவதில்லை. மாடிக் குழாயில் பாதியைத் திருப்பி அங்கே விட்டால் பின்பக்கம் வருவது குறையும் இல்லையா? குறையும். குறையாமல் எங்கே போகும்.

14 செப்டம்பர், ஞாயிறு

முன் தோட்டம் முடிந்தது. செங்கல் துண்டுக்கு அலையவே வேண்டாம், எதிர் மனையில் இடித்துக் கொட்டியிருக்கிறார்கள். ஆபீஸ் பின்னால் இருக்கிற கல்வாழைக் கிழங்கு, கூட்டேரிப்பட்டு நர்சரியில் வெட்டிவேர், ஓரத்துக்கு வல்லாரை. குழாய்க்குத்தான் பெரிய செலவு. தெருவில் போகிறவர்கள் எல்லாம் நின்று பார்க்கிறார்கள். இவருக்கு ஒரே பெருமை, பேப்பரைக் கொண்டுவந்து அங்கேயே உட்கார்ந்து படிக்கிறார். நாத்தனாருக்கு வீடியோ காலில் காட்டினார்.

அம்சா வந்து பார்த்தாள். மோட்டார் மாற்றிவிட்டாளாம். கல்வாழை இலையைத் தடவிவிட்டு, "அழகா இருக்குதுக்கா" என்றாள். பிறகு மெதுவாக, "இனிமே எங்க வூட்டுப் பக்கம் தண்ணி வராதில்ல?"

ஆகஸ்டிலிருந்து அவள் கேட்பாள் என்று காத்திருந்த கேள்வி. பாதி வரும் என்று சொல்லியிருக்கலாம். தெரியவில்லை, பார்க்கலாம் என்றாவது சொல்லியிருக்கலாம்.

"வராது" என்றேன்.

அவள் முகம் அப்படியே மலர்ந்துபோயிற்று. "அப்ப தீபாவளி ஆர்டர் தைரியமா புடிக்கறேன்."

28 செப்டம்பர், ஞாயிறு

தூறல். முன் குழியில் நேற்று நின்ற தண்ணீர் இன்று இறங்கிவிட்டது. பின்பக்கம் போய்ப் பார்க்கவில்லை. தூறல்தானே.

19 அக்டோபர், ஞாயிறு

எழுதக் கை வரலை. ஆனாலும் எழுதிடறேன்.

நாளைக்குத் தீபாவளி. அம்சா விடியறதுக்கு முன்னாடியே அரைக்க ஆரம்பிச்சா. கிரைண்டர் சத்தம் எங்க வீட்டுக்குக் கேட்டுக்கினே இருந்தது. டிரம், குண்டான், பக்கெட்டுன்னு எல்லாத்துலயும் மாவு. எல்லாம் தரையில. ஊறவெச்ச உளுந்து, அரிசி, அதுவும் தரையில. வராதுன்னு நான் சொல்லியிருந்தேனே.

மத்தியானம் பிடித்த மழை விடவே இல்லை. முன்பக்கக் குழியில் தண்ணீர் அழகாகப் போய் விழுந்தது, மாடியில் பாதி. மீதிப் பாதியும், தளத்துத் தண்ணீர் முழுக்கவும், வாட்டம் கொடுத்த வழியே பின்னால் ஓடிச் சுவருக்கு அடியில் புகுந்துவிட்டது. எங்கள் சாக்கடைத் தொட்டி நிரம்பி அதுவும் சேர்ந்து. நான் ஓடினபோது குண்டான்கள் மிதந்துகொண்டிருந்தன.

விருத்தாசலமும் அவளும் மாவை எல்லாம் தெருவில் கொட்டினார்கள். வேறென்ன செய்வது, சாக்கடை கலந்த மாவு. தெரு முழுக்க வெள்ளை. நான் ஒரு பக்கெட்டைப் பிடிக்கப் போனேன். விருத்தாசலம் என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார், பிடுங்கவில்லை, வாங்கிக்கொண்டார். "நீங்க போங்க மேடம்."

அம்சா என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்டி. நீதான வராதுன்னு சொன்ன என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். தலைமுடியைக் கொண்டை போட்டுக்கொண்டு தரையைக் கழுவ ஆரம்பித்துவிட்டாள்.

20 அக்டோபர், திங்கள்

தீபாவளி. இந்தத் தெருவில் எல்லார் வீட்டிலும் பாக்கெட் மாவு இட்லி. எங்கள் வீட்டில் உப்புமா.

26 அக்டோபர், ஞாயிறு

அம்சா போய்விட்டாள். கண்டமங்கலத்தில் பெரிய மகள் வீட்டுக்கு. சாக்கடை மாவு என்று ஊரெல்லாம் பேச்சாகிவிட்டது. ஆர்டர் கொடுக்கிறவர்கள் வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள். மருமகன் பாண்டிச்சேரி கம்பெனிக்கு விடிகாலையில் போய்விடுகிறான், மகளுக்கும் ஒத்தாசையாக இருக்கும் என்றாள். காரணத்தை அவளே தேடிக் கொடுக்கிறாள், நான் சங்கடப்படக் கூடாதாம்.

சாமான் ஏற்றின பிறகு சாவியை என் கையில் வைத்தாள்.

"வெள்ளிக்கெழமைல ஒரு வெளக்கு மட்டும் ஏத்திடுக்கா. இருட்டா கெடக்க வேணாம்."

"எப்ப வருவ?"

"மழைக்காலம் முடியட்டும். வர்றேன்."

"நெஜமா?"

"வராம எங்கக்கா போவப் போறேன்? ஊட்ட தலைல தூக்கி வெச்சிக்கினா போறேன்?" சிரித்தாள். விருத்தாசலம் வண்டியில் உட்கார்ந்து ஆரன் அடித்தார்.

அவள் வருவதாகச் சொல்லியிருக்கிறாள். திரும்பி வரும்போது அந்தச் சமையலறை காய்ந்து இருக்க வேண்டும். எனக்கு இப்போது வேறு வேலை இல்லை.

27 அக்டோபர், திங்கள்

இவரிடம் சொல்லிவிட்டேன். கன்னி மூலையில்தான் தோண்டப் போகிறேன் என்று. சாப்பாட்டுத் தட்டின் முன்னால் சொன்னது தப்பு, கையைக் கழுவிக்கொண்டு எழுந்துவிட்டார். கொஞ்ச நேரம் கழித்து வந்து, "அன்னிக்கே பண்ணியிருந்தா அந்தப் பொண்ணு இங்கதான் இருந்திருக்கும்" என்றார்.

எனக்குத் தெரியாதா. அதை அவர் வாயால் கேட்கத்தான் பொறுக்கவில்லை.

2 நவம்பர், ஞாயிறு

ராஜாமணி சம்மட்டியோடு வந்தார். தான் போட்ட தளத்தைத் தானே உடைப்பதா என்று முதலில் ஒரே முறுக்கல். "போன் போட்டு கூப்புட்டு, செஞ்ச வேலைய ஒடைக்க சொல்றீங்களேம்மா. ரொம்ப பேஜாருமா." உடைத்துக் கொடுத்தார். ஆனால் மண்வெட்டியை நீட்டினதும் பின்வாங்கிவிட்டார். "கன்னி மூலைல நான் மம்முட்டி போடமாட்டேன். சாருக்கு ஒன்னு ஆச்சுன்னா என் பேர்தான் வரும்."

அவரைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் இல்லை. ஆகஸ்டில் நானும் இதே பயத்தில்தானே மண்ணைப் போட்டு மூடினேன். சிமென்ட் கட்டிகளை மட்டும் ஓரம் கட்டச் சொல்லி அனுப்பினேன்.

நானே தோண்ட வேண்டியதுதான்.

9 நவம்பர், ஞாயிறு

மேலே கிராவல், கடப்பாரை போட்டால் பொறி பறக்கிறது. அதற்குக் கீழே பழைய மண், ஈரமாக, வெட்ட வெட்ட வருகிறது. உள்ளங்கை இரண்டிலும் கொப்புளம். பேனா பிடித்தால் எரிகிறது. இடுப்பைப் பற்றி எழுத வேண்டாம்.

இவர் காலையிலிருந்து பின்பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. நானும் கூப்பிடவில்லை. பத்து மணி வாக்கில் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தார். குழிக்குப் பக்கத்தில், அதுவும் சரியாகக் குழியின் விளிம்பில் போட்டு உட்கார்ந்தார். பேப்பரைப் பிரித்தார்.

"அங்க உக்காராதீங்க."

"ஏன்? வர்றது வந்துட்டுப் போவுது."

"வாயை வெச்சிக்கினு சும்மா இருங்க."

"சுவத்துக்கு ரொம்ப கிட்ட போவாத. அஸ்திவாரம் நெகிழும். அம்சா வீட்டு சுவரு பழசு." பிறகு பேப்பருக்குள் போய்விட்டார். மத்தியானம் வரை அங்கேயே இருந்தார். இந்த மனுஷனோடு இத்தனை வருஷம் குடும்பம் நடத்தி, அவர் எதற்குப் பயப்படுவார் எதற்குப் பயப்படமாட்டார் என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை. அவர் பேரைச் சொல்லி நான் பயந்தேன்.

16 நவம்பர், ஞாயிறு

செங்கல் போட்டாயிற்று, மணலும் எருவும் கலந்து நிரப்பியாயிற்று. அம்சா பக்கம் மண்ணை அணைத்துக் கரை கட்டினேன், வரப்பு மாதிரி. மிதமிஞ்சி வந்தால் வழிந்து போகப் பின் சந்துக்கு ஒரு குழாய். முன் தோட்டத்திலிருந்து கல்வாழையையும் வெட்டிவேரையும் பாதி பெயர்த்து இங்கே நட்டேன். முன்பக்கம் இப்போது சொட்டையாகத் தெரிகிறது. தெருவில் போகிறவர்கள் நின்று பார்ப்பதில்லை.

அம்சாவுக்குப் போன் போட்டேன். தோண்டினதைச் சொன்னேன். "உனக்கு எதுக்குக்கா இந்த வயசுல மம்முட்டி வேலை" என்று சத்தம் போட்டாள். அவள் என்மேல் சத்தம் போட்டு எத்தனை நாளாயிற்று. அங்கேயும் மாவு அரைக்க ஆரம்பித்திருக்கிறாளாம், கம்பெனி பஸ்ஸுக்குப் போகிற பெண்கள் சாயங்காலம் வாங்கிக்கொண்டு போகிறார்களாம். சும்மா இருக்க முடியாதவள். நல்லதுதான். நல்லதுதானே?

28 நவம்பர், வெள்ளி

வங்கக்கடலில் என்னவோ உருவாகியிருக்கிறதாம். அம்சா வீட்டில் விளக்கு ஏற்றிவிட்டு, திரும்பி வந்து கரையை இன்னொரு தரம் மிதித்து இறுக்கினேன். மழைக்குப் பயப்படுகிற ஊரில் நான் ஒருத்தி மழை வரட்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

1 டிசம்பர், திங்கள்

லீவு போட்டுவிட்டேன். நேற்றிலிருந்து கொட்டுகிறது.

குடையைப் பிடித்துக்கொண்டு பின் மூலையிலேயே நின்றேன். தளத்துத் தண்ணீர் எல்லாம் வழக்கம்போல் ஓடிவந்தது. உடைத்த விளிம்பில் தயங்கி, சறுக்கிக் குழிக்குள் இறங்கியது. ஏறிக்கொண்டே போயிற்று. கல்வாழை முக்கால்வாசி முழுகிவிட்டது. கரையைத் தாண்டிவிடுமோ என்று மண்வெட்டியைக் கைக்கருகில் வைத்துக்கொண்டேன். தாண்டவில்லை. மிஞ்சினது குழாய் வழியாகச் சந்துக்குப் போயிற்று.

சாவியை எடுத்துக்கொண்டு ஓடினேன். அம்சா சமையலறைக் கதவைத் திறந்தால் தரையில் தூசி. ஈரம் என்று பார்த்தால் என் காலடி மட்டும்தான். குனிந்து கையை வைத்து வைத்துப் பார்த்தேன். கிரைண்டர் இருந்த இடம், அடுப்புக்குக் கீழே, மூலை எல்லாம் காய்ந்து கிடந்தது. அங்கேயே உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதேன். சந்தோஷம்தான்.

போட்டோ எடுத்து அவளுக்கு அனுப்பினேன். உடனே வாய்ஸ் மெசேஜ் வந்தது. "அய்ய, எப்பிடிக்கா? இந்த மழைக்கா? நம்பவே முடியல. அவருக்கும் அனுப்பறேன், இரு."

தை பிறந்ததும் வந்துவிடுவாள். வெள்ளையடிக்க ஆள் பார்த்து வைக்க வேண்டும்.

3 டிசம்பர், புதன்

கார்த்திகை. அம்சா வீட்டு வாசலிலும் அகல் வைத்தேன். மழையில் ஒவ்வொன்றாக அணைந்தது. மறுபடி ஏற்றினேன். இவர் குடை பிடித்தார். நன்றாக இருக்கிறார், டாக்டரிடம் போய் வந்தார், பிரஷர் கூட இறங்கியிருக்கிறது.

4 டிசம்பர், வியாழன்

விருத்தாசலம் வந்திருந்தார். தூறலில் ஒரு கார், அதிலிருந்து புருஷன் பெண்டாட்டி இரண்டு பேர், மயிலம் பக்கத்துக்காரர்கள். ஒரு புரோக்கர். விருத்தாசலம் கேட்டைத் திறந்துகொண்டு நேராக என்னிடம் வந்தார்.

"அக்கா, சாவி குடுங்க. மழைல வந்து பாத்தாதான் வாங்குவோம்னு சொன்னாங்க. தண்ணி நிக்குதா இல்லியான்னு பாக்கணுமாம்."

அக்கா என்றார். அதற்குச் சந்தோஷப்பட்டேன். வாங்குவோம் என்ற வார்த்தை அதற்குப் பிறகுதான் உள்ளே போயிற்று.

அந்தப் பெண்மணி சமையலறையில் குனிந்து தரையைத் தொட்டுப் பார்த்தார். நான் திங்கட்கிழமை தொட்டுப் பார்த்த அதே இடம். "இவ்ளோ மழைக்கும் ஈரமே இல்லியே" என்று வீட்டுக்காரரைப் பார்த்தார். அவர் ஜன்னல் வழியாக எங்கள் பக்கம் கை காட்டி, அது என்ன பள்ளம் என்று கேட்டார்.

"அக்கா போட்டதுங்க. மொத்த தண்ணியும் அதுல எறங்கிடும். இனிமே இந்தப் பக்கம் ஒரு சொட்டு வராது." என்னிடம் திரும்பி, "நீங்க அனுப்புன போட்டோதான்க்கா மொதல்ல இவங்களுக்கு அனுப்பனேன். அதப் பாத்துதான் கெளம்பி வந்தாங்க" என்றார். குரலில் கிண்டல் எதுவும் இல்லை. நன்றியோடுதான் சொன்னார்.

நான் எல்லாருக்கும் டீ போட்டேன். நான் போட்டேனா? போட்டிருக்கிறேன், டம்ளர் கழுவிக் கவிழ்த்திருக்கிறது.

வித்துட்டாங்க. என் குழியப் பாத்து வாங்கிட்டாங்க.

7 டிசம்பர், ஞாயிறு

அம்சா போன் பண்ணினாள். பின்னால் ஒரே சத்தம், கடைத்தெருவில் நின்றுகொண்டு பேசினாள்.

"அக்கா, அட்வான்ஸ் குடுத்துட்டாங்க. தண்ணி நிக்கற ஊடுன்னு ஒருத்தரும் எட்டிப் பாக்கல, உன் புண்ணியத்துல முடிஞ்சுது. அந்த புயலுக்கப்பறமே விக்கலாம்னு அவரு சொல்லிக்கினுதான் இருந்தாரு. நான்தான் மாட்டவே மாட்டேன்னு இருந்தேன். தமிழக்காவ உட்டுட்டு எங்க போறதுன்னு. தீபாவளிக்கப்பறம் எனக்கு வாய் இல்லக்கா, இன்னான்னு சொல்லி நிறுத்தறது?"

நான் ம் என்றேன்.

"நீ எதுவும் மனசுல வெச்சிக்காத. கண்டமங்கலம் இன்னா அமெரிக்காவுலயா கீது? பஸ் ஏறுனா வந்துடப் போற."

"வர்றேன்."

"அவரு சொன்னாரு, அக்காவுக்கு ஒரு பொடவை எடுத்துக் குடுக்கணும்னு. கடையிலதான் நின்னுக்கினு இருக்கறேன். இன்னா கலர் எடுக்கட்டும்?"

எதுவானாலும் சரி என்றேன்.

"எதுன்னா ஒன்னு சொல்லுக்கா, கடைக்காரரு பிரிச்சி வெச்சிக்கினு உக்காந்திருக்கறாரு."

பச்சை என்றேன்.